மேக்ரோ இருக்கட்டும், அந்த மஞ்சள் பட்டைதான் வேண்டாம்

எக்செல், வேர்டு கோப்புக்குள்ளேயே எழுதி வைத்து வேலையைத் தானாகச் செய்ய வைக்கும் சிறு நிரல்தான் மேக்ரோ. அதையே தூக்கிவிட வேண்டும் என்று கணினிப் பாதுகாப்புத் துறையில் இருக்கும் நண்பர்கள் பல வருடமாகச் சொல்கிறார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1995-இல் கான்செப்ட் வைரஸ் வேர்டு கோப்பு வழியாகத்தான் பரவியது. 1999 மார்ச்சில் வந்த மெலிசா, கோப்பைத் திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. 2015 டிசம்பரில் உக்ரைனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் சில மணி நேரம் துண்டிக்கப்பட்டன. மின் நிறுவனங்களுக்குள் ஊடுருவ முதலில் வழிவிட்டது, ஊழியர்களுக்கு மின்னஞ்சலில் வந்த மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் கோப்பின் மேக்ரோ.

இத்தனைக்குப் பிறகும் அதை அடியோடு எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் கணினி பார்த்துக்கொடுக்கும் சிறு அலுவலகங்களில் பில்லின் அடியில் தொகையை எழுத்தாலும் போட வேண்டும். 1,18,000 என்று அடித்தால் ‘ரூபாய் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் மட்டும்’ என்று வர வேண்டும். தாய்லாந்தின் பாத் நாணயத்துக்கு இந்த வேலையைச் செய்ய எக்செல்லில் பாத்டெக்ஸ்ட் என்று ஒரு ஃபங்ஷனே இருக்கிறது. ரூபாய்க்கு இல்லை. மைக்ரோசாஃப்ட் தன் உதவிப் பக்கத்தில் கொடுத்திருக்கும் ஸ்பெல்நம்பர் மேக்ரோ டாலரிலும் மில்லியனிலும்தான் எழுதும். அதை யாரோ ஒருவர் லட்சம், கோடிக்கு மாற்றி வைத்தார், அதுதான் அலுவலகம் அலுவலகமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மாற்றியவர் வேலையை விட்டே போயிருப்பார். வருமான வரித் துறை தரும் எக்செல் படிவமும் மேக்ரோவை அனுமதித்தால்தான் ஓடும். இதையெல்லாம் ஒரே நாளில் நிறுத்தினால் அடி விழுவது வைரஸ் எழுதுகிறவனுக்கு இல்லை.

ஒரு வசதியை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2018 ஜனவரியில் ஆபீஸிலிருந்து பழைய ஈக்வேஷன் எடிட்டரை மைக்ரோசாஃப்ட் முழுவதுமாக நீக்கியது. பல வருடப் பழைய நிரல், அதில் ஓட்டைக்கு மேல் ஓட்டை. அது சரியான முடிவு. ஏனென்றால் சமன்பாடு எழுத வேறு வசதி 2007 பதிப்பிலேயே வந்துவிட்டது. மேக்ரோவுக்கு அப்படி ஒரு மாற்று இன்னும் எல்லார் கைக்கும் வந்து சேரவில்லை.

எனக்கு ஆத்திரம் வருவது அந்த மஞ்சள் பட்டையைப் பார்த்தால்தான். கோப்பைத் திறந்ததும் மேலே ‘மேக்ரோ நிறுத்தப்பட்டிருக்கிறது’ என்று ஒரு வரி, பக்கத்திலேயே ‘எனேபிள் கன்டென்ட்’ பொத்தான். மின்னஞ்சலில் வைரஸ் பரப்பிய எமோடெட் கும்பல் அனுப்பிய கோப்புகளைத் திறந்தால் உள்ளே ஆபீஸ் அறிவிப்பு போலவே ஒரு படம் இருக்கும். ‘கோப்பைப் பார்க்க மேலே உள்ள பொத்தானை அழுத்தவும்’ என்று அதில் எழுதியிருக்கும். நாள் முழுக்க கொட்டேஷனும் இன்வாய்ஸும் திறந்துகொண்டே இருக்கும் கணக்காளர் அழுத்தத்தான் செய்வார். உள்ளே என்ன நிரல் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரியவே வழியில்லாத ஒன்றை அவரிடம் கேட்டுவிட்டு, விபரீதம் நடந்த பின் ‘நீங்கள்தானே அழுத்தினீர்கள்’ என்று அவர் தலையில் கட்டுவது அநியாயம். வேலை போகுமோ என்று பயந்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் 2022 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அறிவித்த மாற்றத்தை முழு மனதோடு ஆதரிக்கிறேன். இணையத்திலிருந்து வந்த கோப்பு என்றால் மஞ்சள் பட்டைக்குப் பதில் சிவப்புப் பட்டை, அதில் அனுமதிக்கும் பொத்தானே கிடையாது. ஜூலையில் பயனர்களின் முணுமுணுப்பைக் கேட்டு அதை நிறுத்தி வைத்தார்கள், அதே மாதக் கடைசிக்குள் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்தத் தடுமாற்றம் தேவையே இல்லாதது. திருடன் வேறு வழி தேடுவான் என்றார்கள். தேடினான்தான். ஐஎஸ்ஓ கோப்பு (டிஸ்க்கின் நகல்), ஷார்ட்கட் கோப்பு, 2023-இல் ஒன்நோட் குறிப்பேட்டுக் கோப்பு என்று மாறி மாறி வந்தான். ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டுதான் போக வேண்டும். இன்னொரு வழி இருக்கிறது என்பதற்காக இதைத் திறந்து வைக்க முடியாது.

அலுவலகம் நடத்துகிறவர்களுக்கு ஒன்று. உங்கள் பில் மேக்ரோவை, ஆபீஸ் செட்டிங்ஸில் நம்பகமான இடம் (டிரஸ்டட் லொகேஷன்) என்று குறித்த ஒரே ஃபோல்டரில் வையுங்கள். டவுன்லோடு ஃபோல்டரை ஒருபோதும் அப்படிக் குறிக்காதீர்கள். வரிப் படிவத்தைத் துறையின் தளத்திலிருந்து நீங்களே இறக்கியிருந்தால் மட்டும் ப்ராப்பர்டீஸில் போய் ‘அன்பிளாக்’ டிக் செய்யுங்கள். அதே படிவம் என்று வாட்ஸ்அப்பில் யார் அனுப்பினாலும், உங்கள் ஆடிட்டரே அனுப்பினாலும், வேண்டாம்.