சிவிலைசேஷன் ஆட வருபவர்கள் முதலில் பழக வேண்டியது பேச்சுவார்த்தை

சிவிலைசேஷன் போன்ற, முறை வைத்து நகர்த்தி ஆடும் கணினி வியூக விளையாட்டுகளுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது ‘எதைக் கட்டித் தொடங்குவது?’ என்பதுதான். முதலில் ஸ்காவுட் (வேவு பார்ப்பவர்), அடுத்து ஸ்லிங்கர் (கவண் வீரர்), அதற்கடுத்து செட்லர் (புது நகரம் நிறுவுபவர்) என்று வரிசையை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுக்க ஆட்களும் காணொளிகளும் ஏராளம். ‘பக்கத்து நாட்டுடன் எப்போது பேசத் தொடங்குவது?’ என்று கேட்பவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். புதியவர்களின் ஆட்டங்களில் பெரும்பாலானவை கட்டட வரிசை தவறியதால் கெடுவதில்லை, முதல் ஐம்பது சுற்றுகளில் பேச வேண்டியவர்களிடம் பேசாமல் இருந்ததால்தான் கெடுகின்றன என்பது என் உறுதியான கருத்து.

1991-இல் வெளிவந்த முதல் சிவிலைசேஷனிலிருந்து இந்த வரிசையில் பல விளையாட்டுகள் வந்துவிட்டன. நான் அதிகம் ஆடியது 2016-இல் வந்த ஆறாவது பகுதியையும், அதற்கு 2019-இல் வந்த கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கத்தையும்தான் என்பதால், அதை வைத்தே பேசுகிறேன்.

ஆட்டம் ஒரு செட்லரோடும் ஒரு வாரியரோடும் (போர்வீரர்) தொடங்குகிறது. நல்ல இடம் தேடிப் பல சுற்றுகள் அலையாமல் முதல் இரண்டு சுற்றுகளுக்குள் தலைநகரை நிறுவிவிடுவது நல்லது. அந்த இடம் ஆற்றையோ ஏரியையோ ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. நன்னீர் உள்ள இடத்தில் நகரத்துக்கு 5 குடியிருப்பு கிடைக்கிறது, கடற்கரையில் 3, இரண்டும் இல்லாத இடத்தில் 2 மட்டுமே, குடியிருப்பு நிரம்ப நிரம்ப மக்கள்தொகை வளர்வது தேங்கிப்போகிறது. நகரத்தைப் பார்த்துவிட்டுத் தலைக்கு மேல் ஆச்சரியக்குறியோடு திரும்பி ஓடும் பார்பேரியன் (எந்த நாட்டையும் சேராத கொள்ளைக்கூட்டம்) ஸ்காவுட்டை அதன் முகாமுக்குப் போய்ச் சேரும் முன்பே மடக்க வேண்டும், இல்லாவிட்டால் படை திரண்டு வரும். தொடக்கத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும், மற்றவை ஆட ஆடத் தானாகக் கைவரும். தானாகக் கைவராதது அடுத்த கட்டம்தான்.

பத்துப் பன்னிரண்டு சுற்றுகள் போனதும், கணினி ஆடும் வேறொரு நாட்டின் தலைவர் திரையில் தோன்றி முகமன் கூறுவார். அந்தத் திரையை அவசரமாக மூடிவிட்டு மறுபடியும் கட்டட வேலையைப் பார்க்கப் போய்விடுவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு என்பேன். சந்தித்த அதே சுற்றில் 25 தங்கம் கொடுத்து ஒரு தூதுக்குழுவை அனுப்ப முடியும். அந்தக் கட்டத்தில் கருவூலத்தில் இருப்பதே சொற்பம் என்பதால் இந்தத் தொகையைக் கொடுக்கக் கை தயங்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சுற்றில் அவருக்கு நம் மீது விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை, ஆகவே பெரும்பாலும் தூதை ஏற்றுக்கொள்வார். பத்துச் சுற்று தள்ளிப்போட்டால், அதற்குள் ஏதோ ஒரு காரணத்தால் முகம் சுளித்திருப்பார், தூதையும் திருப்பி அனுப்பிவிடுவார். தூதுக்குழு உறவை மேம்படுத்துவதோடு, அந்த நாட்டைப் பற்றி நமக்குத் தெரிந்திருக்கும் அளவையும் ஒரு படி உயர்த்துகிறது. நாம் அவரைப் பற்றி அறிந்திருப்பது அவர் நம்மைப் பற்றி அறிந்திருப்பதைவிட ஒரு படி கூடுதலாக இருந்தால், போர் என்று வரும்போது நம் படைகளுக்கு 3 புள்ளி வலிமை கூடுகிறது. பேச்சுவார்த்தையைக் கோழைத்தனமாகக் கருதும் ஆட்டக்காரர்கள் இந்தக் கணக்கையாவது பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் நான் தோற்றுத்தான் கற்றுக்கொண்டேன். என் தொடக்க கால ஆட்டங்களில் ஒன்றில் சீனாவின் தலைவராக வரும் சின் ஷி ஹுவாங் எனக்குப் பக்கத்து நாட்டுக்காரர். மூன்றாவது நகரத்துக்கான என் செட்லர், அவருடைய எல்லையை ஒட்டி ஓடிய ஆற்றங்கரையை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அதற்கு முன் நிறுவிய இரண்டாவது நகரமே அவர் கண்ணை உறுத்தியிருந்ததால், தன் பக்கமாக இனி நகரம் அமைக்க வேண்டாம் என்று கேட்டார். உரையாடலை முடித்தால் போதும் என்ற அவசரத்தில் சம்மதம் என்று அழுத்திவிட்டேன். செட்லர் ஆற்றங்கரையை அடைய இன்னும் இரண்டு கட்டங்களே இருந்தன, அவ்வளவு தூரம் நடந்துவிட்டுத் திரும்புவானேன் என்று எண்ணி அங்கேயே நகரத்தை நிறுவினேன். கொடுத்த வாக்கை நான் மீறிவிட்டதாக உடனே அறிவிப்பு வந்தது. சில சுற்றுகளில் அவர் என்னைப் பகிரங்கமாகக் கண்டித்தார். கண்டனத்துக்கு ஐந்து சுற்றுகள் கழித்து முறைப்படி போர் அறிவிக்கலாம் என்ற விதியே எனக்கு அப்போது தெரியாது, அவருக்குத் தெரிந்திருந்தது. ஆற்றங்கரை நகரத்தில் மதிலும் இல்லை, காவலுக்குப் படையும் இல்லை. அது விழுந்தபோது என்னை உறுத்தியது நகரம் போனதல்ல. மறுத்திருக்கலாம், அல்லது சொன்ன சொல்லைக் காத்திருக்கலாம், இரண்டையும் செய்யாமல் விட்டோமே என்பதுதான். மறுத்தாலும் கோபம்தான் வரும், ஆனால் வாக்குக் கொடுத்து மீறினால் அதற்கென்று தனிக் கணக்கு ஏறும்.

தோற்ற பிறகு அவருடைய உறவுப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அவர் மனத்தில் இருந்ததெல்லாம் கூட்டல் கழித்தல் எண்களாக அங்கே வரிசையாக எழுதப்பட்டிருந்தது. நான் கட்டிய அதிசயங்களுக்காகவும் (பிரமிடு போன்ற சிறப்புக் கட்டடங்கள்) ஒரு கழித்தல் இருந்தது, ஏனென்றால் சின் ஷி ஹுவாங்குக்கு அதிசயங்களைக் கட்டுவதில் தன்னோடு போட்டி போடுபவர்களைப் பிடிக்காது. இப்படி ஒவ்வொரு தலைவருக்கும் வெளிப்படையான கொள்கை ஒன்று உண்டு. கிளியோபாட்ரா வலிமையான படை வைத்திருப்பவர்களை மதிப்பார், டிராஜன் பரந்த நிலப்பரப்பை ஆள்பவர்களை மதிப்பார். இதற்கு மேல் மறைவான கொள்கை ஒன்றும் இருக்கும், அவரைப் பற்றிய நம் அறிவு படிப்படியாக உயரும்போதுதான் அது தெரியவரும். கணினித் தலைவர்கள் காரணமே இல்லாமல் பாய்கிறார்கள் என்ற குறையைக் கேட்கும்போதெல்லாம், அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்தீர்களா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. கணினி எப்போதும் அறிவோடு நடந்துகொள்கிறது என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அதன் கோபத்துக்குப் பெரும்பாலும் காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் நாம் படிக்கும்படி எழுதியும் வைக்கப்பட்டிருக்கிறது.

வணிகத்தையும் இதன் பகுதியாகவே பார்க்க வேண்டும். ஓர் ஆடம்பரப் பொருள் நம் நான்கு நகரங்கள் வரை மகிழ்ச்சியைத் தரும், ஆனால் அதே பொருள் இரண்டாவதாகக் கிடைத்தால் அதனால் நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி எதுவும் இல்லை. அதைப் பக்கத்து நாட்டுக்கு 30 சுற்றுகளுக்குக் கொடுத்தால், சுற்றுதோறும் தங்கம் வருகிறது. மூலையில் கிடக்கும் பட்டு, தேயிலை போன்றவற்றை விற்காமல் வைத்துக்கொண்டு பணமில்லை என்று திண்டாடும் புதியவர்கள் ஏராளம்.

நட்புப் பிரகடனம் இந்த எல்லாவற்றையும்விடப் பெரியது. வழக்கமான வேகத்தில் அது 30 சுற்றுகள் நிலைக்கும், அதுவரை இரு தரப்பும் ஒருவர் மீது ஒருவர் போர் அறிவிக்கவே முடியாது. ஒரு பக்க எல்லையில் 30 சுற்றுகளுக்குப் படை தேவையில்லை என்றால், அந்த உற்பத்தி முழுவதையும் செட்லர்களுக்கும் நூலகத்துக்கும் திருப்பிவிடலாம். அண்டை நாட்டைத் தொடக்கத்திலேயே அடித்துப் பிடித்துவிடு என்ற பிரபலமான அறிவுரையை நான் ஏற்காததற்கும் இதுவே காரணம். தேர்ந்தவர்களுக்கு அது பலிக்கலாம். படைகளை நகர்த்தவே இன்னும் பழகாத ஒருவர் அதைச் செய்தால், நகரத்தின் முன்னால் வாரியர்களை இழந்துவிட்டு, மற்ற தலைவர்களின் பகையையும் சம்பாதித்துக்கொண்டு நிற்பார். சேர்ந்து போருக்குப் போகலாம் என்று ஒரு தலைவர் தானே வலிய வந்து அழைக்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். அந்த அழைப்பை ஏற்றால், நமக்கு ஒரு தீங்கும் செய்யாதவரின் மனக்குறை நம் பெயரிலும் எழுதப்படும், அழைத்தவரோ படையை அனுப்பாமலே இருந்துவிடக்கூடும்.

ஒரே நகரமாக நிற்கும் சிறு நாடுகளான நகர அரசுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் சந்திப்பவருக்கு ஒரு தூதர் இலவசமாகக் கிடைப்பார், அறிவியல் நகர அரசாக இருந்தால் அந்த ஒரு தூதரே தலைநகருக்கு 2 அறிவியல் புள்ளிகளைத் தருவார். ஸ்காவுட்டை முதலில் செய்யச் சொல்வதன் உண்மையான பொருள் இதுதான், ஆனால் அறிவுரை சொல்பவர்கள் இந்தக் காரணத்தை விளக்குவதில்லை.

வேறு விளையாட்டுகளிலும் இதே நிலைதான். இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீசிவ் விளையாட்டின் வழக்கமான அமைப்பில், சந்தித்த நொடியிலிருந்தே இரு நாடுகளும் போர் நிலையில் இருக்கின்றன. போர்நிறுத்தம் பேசினால் அது 16 சுற்றுகள் நிற்கும், அதற்குள் சமாதான உடன்பாடாக மாற்றாவிட்டால் மறுபடியும் போர்தான். அங்கே பேசாமல் இருப்பதே போரைத் தேர்ந்தெடுப்பதாக ஆகிவிடுகிறது. 2025-இல் வந்த ஏழாவது சிவிலைசேஷன், தங்கத்தையும் உணவையும் போலச் செல்வாக்கையும் சுற்றுதோறும் சேர்த்துச் செலவழிக்கும் ஒரு வளமாக ஆக்கியிருக்கிறது. புதியவர்களுக்கு இது நல்ல மாற்றம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கண்ணெதிரே எண்ணாகத் தெரிவதை யாரும் மறப்பதில்லை.

சின் ஷி ஹுவாங்கிடம் தோற்ற அந்த ஆட்டத்தின் பழைய சேமிப்பு ஒன்று என்னிடம் இருந்தது. அதைத் திறந்து, அவர் கேட்டபோது அதே வாக்கைக் கொடுத்துவிட்டு, செட்லரை ஆற்றங்கரையிலிருந்து திருப்பி எதிர்ப்பக்கத்துக் கடற்கரைக்கு நடத்திச் சென்றேன். 5 குடியிருப்பு கிடைக்க வேண்டிய இடத்தில் 3 கிடைத்தது, நகரமும் மெதுவாகத்தான் வளர்ந்தது. அதிசயம் கட்டும் ஆசையை ஒத்திவைத்தேன், என்னிடம் மிகுதியாக இருந்த பட்டினை அவருக்குக் கொடுத்தேன். சில சுற்றுகள் கழித்து நட்புப் பிரகடனம் கேட்டபோது ஏற்றுக்கொண்டார். அது முடிந்த சுற்றிலேயே மறுபடியும் கேட்டேன், மறுபடியும் ஏற்றுக்கொண்டார். அந்த ஆட்டம் முடியும்வரை அவர் பக்கத்து எல்லையில் நான் ஒரு மதிலும் கட்டவில்லை.