மருத்துவர் கட்டணத்துக்கு வரம்பு உண்டு, மற்றதற்கு?

மலேசியத் தனியார் மருத்துவமனைக் கட்டணங்களுக்கு அரசு வரம்பு வைத்தால், அவை காப்புறுதி நிறுவனங்களின் மருத்துவமனைப் பட்டியலை விட்டே விலகிவிடும் என்று இங்கே வந்த கட்டுரை பயமுறுத்துகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் அந்த ஓட்டையைச் சட்டத்திலேயே அடைத்துவிட்டது. 2017-இல் வந்த சட்டப்படி, அரசு ஊழியர், பள்ளி ஊழியர் மருத்துவக் காப்புறுதித் திட்டங்கள் தங்கள் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கு, மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்புறுதி) தரும் தொகையில் 200 விழுக்காடு வரைதான் கொடுக்கலாம். பட்டியலுக்கு வெளியே என்றால் 185. விலகினால் வருமானம் இன்னும் குறையும், பிறகு யார் விலகுவார்? சிறிய கிராமப்புற மருத்துவமனைகளுக்கு விலக்கும் உண்டு. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், இங்கே கோலாலம்பூரில் தனியார் மருத்துவமனைக் கட்டணத்துக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்கிறார். அது பாதிதான் சரி. மலேசியத் தனியார் மருத்துவமனைகளுக்கான 2006 விதிமுறைகளின் 13-ஆவது அட்டவணை மருத்துவரின் தொழில்முறைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அறை, மருந்து, அறுவைக்கூடம், பஞ்சு, கையுறை எல்லாம் அதற்கு வெளியே. பில் வீங்குவதும் அங்கேதான். அதனால் பில்லைக் காப்புறுதி நிறுவனம் ஏற்கும் என்ற உத்தரவாதக் கடிதத்தோடு போகிறவர்களும் வரிவரியாகப் பிரித்த பில்லைக் கேட்டு வாங்குங்கள், சிகிச்சைக்கு முன்பே உத்தேசச் செலவையும் கேளுங்கள். ஓரிகன் முறையை அப்படியே இங்கே நடவும் முடியாது. நம் அரசு ஊழியர்கள் பெரும்பாலும் அரசு மருத்துவமனைக்கே போகிறார்கள், ஆகவே தனியாரிடம் பேரம் பேச அரசுக்குக் கொள்முதல் பலம் குறைவு. அதைவிடப் பெரிய சிக்கல், ஒப்பிட மெடிகேர் போல ஒரு பொது விலைப்பட்டியலே நம்மிடம் இல்லை. நோய்வகைக்கு ஒரே தொகை என்ற டிஆர்ஜி முறை அந்த இடத்தை நிரப்பலாம்; ஆனால் மருத்துவமனை பதியும் நோய்க் குறியீடுகளைத் தணிக்கை செய்ய ஆளில்லாவிட்டால், சாதாரணக் காய்ச்சலும் காகிதத்தில் கடும் நோயாகிவிடும்.