மாத்திரை அவளுக்கு, லீவு யாருக்கு?

எங்கள் மலையகத் தோட்டப் பக்கத்தில், பிள்ளை இல்லாத ஒரு பெண்ணுக்கு பிசிஓஎஸ் (சூலகத்தில் நீர்க்கட்டி என்று சொல்லும் வருத்தம்) என்று ஸ்கேனில் வந்துவிட்டால் வீட்டில் பலருக்கும் ஒரு நிம்மதி. குறை யாரிடம் என்று தெரிந்துவிட்டதல்லவா! அதோடு மாப்பிள்ளையைப் பற்றிய பேச்சு முடிந்தது. எனக்கும் அதே வருத்தம் இருப்பதால் உரிமையோடு சொல்கிறேன்: பிள்ளைக்கான வைத்தியத்தை மனைவியின் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம் மட்டுமில்லை, வைத்தியமாகவும் அது அரைகுறை.

இந்த வருத்தம் உள்ள பலருக்கு உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதை ஈடுகட்ட இன்னும் கூடுதலாகச் சுரக்கும். அது சூலகத்தை ஆண் ஹார்மோனை அதிகம் சுரக்க வைக்கும். முட்டைகள் பாதி வளர்ச்சியில் நின்றுவிடும். ஸ்கேனில் நீர்க்கட்டி என்று தெரிபவை அப்படி நின்றுபோன முட்டைப்பைகள்தான், அறுத்தெடுக்க வேண்டியவை அல்ல. ஒல்லியானவர்களுக்கும் இது வரும். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போய், பின்னேரம் வரை மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கிறவளிடம் "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அவளிடம் பேச வேண்டியது கோதுமை மா ரொட்டியையும் சீனி போட்ட தேத்தண்ணீரையும் பற்றி.

இன்சுலினைச் சரியாக வேலை செய்ய வைக்கும் மெட்ஃபோர்மின் கொடுத்தால் "இந்த வயசிலேயே சீனி வியாதியா?" என்று மாமியார் கேட்பார். முட்டையை வெளிவரச் செய்யும் லெட்ரோசோலுக்கு இன்னும் மோசம். யாராவது போனில் தேடிப் பார்த்துவிட்டு "இது புற்றுநோய் மருந்தாமே" என்று வீட்டையே கலக்கிவிடுவார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு வந்த மருந்துதான், பொய்யில்லை. ஆனால் 2014இல் அமெரிக்காவில் பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், அதே வேலைக்கான பழைய மருந்து குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதத்தினருக்குத்தான் பிள்ளை பிறந்தது. லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம். இன்று முட்டை வெளிவர முதலில் கொடுப்பது அதைத்தான். மாதவிடாய் வந்த மூன்றாம் நாள் போல ஆரம்பித்து ஐந்து நாள் குடிக்க வேண்டும். கடைசி மாத்திரைக்குப் பிறகு ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் பெரும்பாலும் முட்டை வெளிவரும். வந்த முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான்.

அந்த நாளில் புருஷன் எங்கே இருக்கிறார்? கொழும்பில், ஏதோ ஒரு கடையில். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கோவில் திருவிழாவுக்கும்தான் வருவார். வந்தாலும் லயத்து அறையில் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமனார் இருமிக்கொண்டிருப்பார். ஸ்கேனுக்கு டவுனுக்குப் போகிற நாளெல்லாம் அவளுக்குப் பேர், அதாவது வேலைக்கு வந்த கணக்கு, போகும். அன்றைய நாட்சம்பளம் அப்படியே கையை விட்டுப் போகும். இவ்வளவும் செய்து முட்டை வளர்ந்த வாரத்தில் வீட்டில் ஆள் இல்லை. ஆனால் ஊர் கேட்பது அவளைத்தான்: "இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையா?" (முட்டை வரும் நாளைக் காட்டும் பட்டையை ஃபார்மசியில் வாங்கலாம்தான். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு அது பொய்யாகவும் கோடு காட்டும், நம்பி ஏமாற வேண்டாம்.)

அப்புறம் விந்துப் பரிசோதனை. ஊசி இல்லை, ஸ்கேன் இல்லை. இரண்டிலிருந்து ஏழு நாள் சேராமல் இருந்துவிட்டு ஒரு போத்தலில் கொடுத்தால் போதும். இருந்தும் எங்கள் வீடுகளில் அது கடைசியில்தான் நடக்கிறது, அதுவும் மனைவி அழுது கெஞ்சிய பிறகு. சரி, நடைமுறைக் கஷ்டமும் இருக்கிறது. போத்தல் ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூடு ஆறாமல் லேபுக்குப் போக வேண்டும். தோட்டத்து மேல் டிவிஷனிலிருந்து அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஹட்டன் பஸ்ஸுக்குக் காத்து நின்றால் நேரம் வளைவுகளிலேயே முடிந்துவிடும். லேபிலேயே கொடுப்பதுதான் வழி. அதற்கு அவர் நேரில் வர வேண்டும். பெண்ணுக்கு பிசிஓஎஸ் இருப்பதால் ஆணுக்கு விந்தணு குறைவாக இருக்காது என்று எந்தச் சட்டமும் இல்லை. அதைப் பார்க்காமல் மாதக்கணக்கில் அவளுக்கு மட்டும் மாத்திரை கொடுப்பதில் என்ன அர்த்தம்?

எனவே கிளினிக்கில் துண்டு எழுதும் டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் நாளே புருஷனுக்கும் பரிசோதனைக்கு ஒரு துண்டு எழுதுங்கள். அவர் எங்கே வேலை செய்கிறார், எப்போது வருவார் என்று கேளுங்கள். மாதக்கணக்கில் மாதவிடாய் வராத பெண்ணுக்கு முதலில் அதை வரவைக்க எப்படியும் மாத்திரை கொடுக்கத்தான் போகிறீர்கள். அதை எந்தத் திகதியில் தொடங்குவது என்பதை அவருடைய லீவைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாமே.