பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் காசு

வேலைக்குப் போகிறவர்களுக்கான ஆன்லைன் படிப்பு மலிவாகக் கிடைக்க அரசு மானியம் ஒன்றே வழி என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அரசுப் பணம் வேண்டும்தான். ஆனால் படிப்பவரிடம் எந்த இடத்தில் காசு வாங்குகிறோம் என்பதும் முக்கியம். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் 2003இல் தொடங்கிய என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் திட்டத்தைப் பாருங்கள் (அதுவும் மத்திய அரசுக் காசுதான், சரி). வீடியோ, வாராந்திர அசைன்மென்ட் எல்லாம் இலவசம். சான்றிதழ் கேட்டால் மட்டும் தேர்வுக் கட்டணம். நான் எழுதியபோது பாடத்துக்கு 1000 ரூபாய்.

அசைன்மென்டுக்கு 25 மதிப்பெண், மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. அடையாள அட்டையைக் காட்டி எழுதுவதால்தான் அந்தச் சான்றிதழை மேலதிகாரியிடம் தைரியமாக நீட்ட முடிகிறது. அசைன்மென்டுக்குப் புதன் இரவு 11.59 கெடு, ஷிப்ட் முடித்து வந்து 11.50க்கு டிக் அடிப்போம். 12 வாரப் பாடத்தில் நன்றாகச் செய்த 8 அசைன்மென்டை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். குடும்பஸ்தனுக்கு எந்தத் தள்ளுபடியையும்விட இதுதான் பெரிய சலுகை.

குறை இல்லாமல் இல்லை. பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில்தான். தேர்வு மையம் வெளியூரில் விழுந்தால் பஸ் செலவு, ஒருநாள் சம்பளம் இரண்டும் போச்சு. கட்டணத்தைக் குறைப்பதற்கு முன் தாலுகா அளவில் உள்ள அரசுக் கல்லூரிகளின் கம்ப்யூட்டர் லேபை ஞாயிற்றுக்கிழமை தேர்வுக்குத் திறந்துவிடச் சொல்லுங்கள்.