சனிக்கு ஒரு சனிக்கிழமை கிடைக்கவில்லை

சேகா என்ற ஜப்பானிய வீடியோ கேம் கம்பெனிக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் மெஷின்களுக்குக் கிரகங்களின் பெயரை வைக்கும் பழக்கம் இருந்தது. 1994 நவம்பரில் ஜப்பானில் வெளியிட்ட கன்சோலுக்கு (டிவியில் மாட்டி கேம் விளையாடும் மெஷின்) சாட்டர்ன் என்று பெயர், அதாவது சனி. அதே மாதம் அமெரிக்காவில், தங்களுடைய பழைய ஜெனிசிஸ் மெஷின் மேல் செருகிக்கொள்ள 32 எக்ஸ் என்று ஒரு துணைக்கருவியை விற்க ஆரம்பித்தார்கள், அதற்கு உள்ளுக்குள் வைத்திருந்த பெயர் மார்ஸ், செவ்வாய். ஒரே மாதத்தில் செவ்வாயையும் சனியையும் சேர்த்து வீட்டுக்குள் கூட்டிவந்தால் என்ன ஆகும் என்று நம்ம ஊர் ஜோசியர் யாரைக் கேட்டிருந்தாலும் தட்சணை கூட வாங்காமல் சொல்லியிருப்பார்.

இது இப்போது எதற்கு என்றால், ஜிடிஏ 6 என்ற வீடியோ கேம் மறுபடி தள்ளிப்போய் 2026 நவம்பர் 19 என்று அறிவித்ததிலிருந்து அக்கா மகன் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கிறான். முதலில் 2025 என்றார்கள், அப்புறம் 2026 மே என்றார்கள், இப்போது நவம்பர் என்கிறார்கள், ஏமாற்றுக்காரர்கள் மாமா, இனி இவர்கள் கேமை வாங்கவே மாட்டேன் என்கிறான். (வாங்குவான். காசு என்னிடம்தான் கேட்பான்.) அவனிடம் நான் சொன்னது இதுதான்: கன்சோலோ கேமோ, தள்ளிப்போட்டதாலேயே செத்த கம்பெனி என்று எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. தேதியை முன்னால் இழுத்துச் செத்த ஒரு கம்பெனியை எனக்கு நன்றாகத் தெரியும்.

1995-ல் சேகா அமெரிக்காவில் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த தேதி செப்டம்பர் 2. அது ஒரு சனிக்கிழமை. சாட்டர்ன் வருகிற சாட்டர்டே என்பதால் சாட்டர்ன்டே என்று பெயரே சூட்டி விளம்பரம் செய்தார்கள். மற்ற கம்பெனிகள் அந்தத் தேதியை வைத்துத்தான் கேம் எழுதிக்கொண்டிருந்தன. கடைக்காரர்களும் அதை வைத்துத்தான் அலமாரியில் இடம் ஒதுக்கத் திட்டம் போட்டிருந்தார்கள்.

அதற்குள் சோனிக்காரன் பிளேஸ்டேஷனோடு வருகிறான் என்ற பயம் தோக்கியோ தலைமையகத்தைப் பிடித்துவிட்டது. ஜப்பானில் இரண்டு மெஷினும் சில நாள் இடைவெளியில்தான் வந்தன, சாட்டர்ன் நவம்பர் 22, பிளேஸ்டேஷன் டிசம்பர் 3. அங்கே சாட்டர்ன் நன்றாகவே விற்றது, வெர்ச்சுவா ஃபைட்டர் என்ற சண்டை கேம் இருந்தது, யாரும் பதற வேண்டிய நிலைமை இல்லை. ஆனாலும் தலைவர் ஹயாவோ நகாயாமா, அமெரிக்காவில் சோனிக்கு முன்னால் நாம் கடையில் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். சேகா அமெரிக்காவின் தலைவர் டாம் கலின்ஸ்கி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார், எடுபடவில்லை. இந்த ஆள் சாதாரண ஆள் இல்லை. நின்டெண்டோ ஒருத்தன்தான் ராஜா என்றிருந்த அமெரிக்கச் சந்தையில் ஜெனிசிஸையும் சோனிக் என்கிற நீல முள்ளெலியையும் வைத்து சேகாவை ஒரு பெரிய ஆளாக ஆக்கிக் காட்டியவர். அவர் பேச்சைத்தான் கேட்கவில்லை.

1995 மே 11, லாஸ் ஏஞ்சலஸ். முதல் முதலாக நடக்கும் இ3 என்ற வீடியோ கேம் கண்காட்சி. கலின்ஸ்கி மேடையேறி சாட்டர்ன் விலை 399 டாலர் என்று சொல்லிவிட்டு, செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டாம், 30,000 மெஷினை ஏற்கனவே கடைகளுக்கு அனுப்பிவிட்டோம், இன்றே வாங்கலாம் என்றார்.

கேட்கும்போது அதிரடியாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தக் கடைகளுக்கு? நாலே நாலு நிறுவனங்களுக்கு. டாய்ஸ் ஆர் அஸ், பாபேஜஸ், எலக்ட்ரானிக்ஸ் பூட்டிக், சாஃப்ட்வேர் எட்செட்ரா. அவ்வளவு பெரிய அமெரிக்காவுக்கு 30,000 பெட்டியை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் எப்படிக் கொடுக்க முடியும்? செப்டம்பரில் கல்யாணம் என்று ஊருக்கே சொல்லிவிட்டு, மே மாதமே நாலு வீட்டை மட்டும் கூப்பிட்டுத் தாலி கட்டி முடித்த கதை. பத்திரிகை வராத பங்காளி சும்மா இருப்பானா? கேபி டாய்ஸ் என்ற பெரிய பொம்மைக்கடைக் குழுமம், இனி உன் சரக்கே எனக்கு வேண்டாம் என்று சேகாவை அலமாரியிலிருந்தே தூக்கிவிட்டது. கடைக்காரன் கோபம் வாடிக்கையாளன் கோபம் மாதிரி இல்லை. வாடிக்கையாளன் நல்ல கேம் வந்தால் மறந்துவிடுவான், கடைக்காரன் அடுத்த மெஷின் வரைக்கும் கணக்கில் வைத்திருப்பான்.

கேம் கம்பெனிகள் பாடு இன்னும் மோசம். செப்டம்பர் என்று நம்பி வேலை பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு மே மாதம் திடீரென்று மெஷின் வந்தால் அவன் என்ன செய்வான்? கடையில் இருந்த ஆறு கேமும் சேகா தன் பெயரில் வெளியிட்டவைதான். முன்கூட்டியே வாங்கிய ஆள் டேடோனாவையும் பான்சர் டிராகூனையும் முடித்துவிட்டுக் கோடைகாலம் முழுக்க மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதில் இன்னொரு தலைவலி, அந்த மெஷினுக்குள் ஹிட்டாச்சியின் பிராசசர் ஒன்றுக்கு இரண்டு, படம் வரையத் தனியாக இரண்டு சிப். எல்லாவற்றையும் ஒழுங்காக மேய்க்கத் தெரிந்தவர்கள் அன்றைக்குக் கம்மி. அப்படிப்பட்ட மெஷினுக்குத்தான் அவகாசம் கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டும், இவர்கள் இருந்த அவகாசத்தையும் பிடுங்கினார்கள்.

சரி, அன்றைக்கே நடந்த மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதில் பிடித்த இடமே இதுதான். சேகா பேசி முடித்த பிறகு சோனியின் முறை. ஓலாஃப் ஓலாஃப்சன் பேசிக்கொண்டிருந்துவிட்டு, சோனியின் அமெரிக்கக் கன்சோல் பிரிவுத் தலைவர் ஸ்டீவ் ரேஸை ஒரு சின்ன உரைக்காக மேடைக்குக் கூப்பிட்டார். ரேஸ் கையில் ஒரு கத்தைக் காகிதத்தோடு போனார், மைக்கில் 299 என்று ஒரே ஒரு எண்ணைச் சொன்னார், இறங்கிப் போய்விட்டார். சேகாவை விட நூறு டாலர் கம்மி. அரங்கமே கைதட்டியது. நான் கேட்ட மேடைப் பேச்சுகளிலேயே இதுதான் சிறந்தது என்பேன், நம்ம ஊர் அரசியல் மேடைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சோனி பதறவில்லை. மே மாதமே போட்டியாளன் கடைக்குள் போய்விட்டான் என்று தெரிந்தும் தன் தேதியை ஒரு நாள் கூட அசைக்கவில்லை. சொன்னபடி செப்டம்பர் 9-ல் வந்தான். வந்த இரண்டே நாளில், சாட்டர்ன் அதுவரை அமெரிக்காவில் விற்ற மொத்தத்தைத் தாண்டிவிட்டான். அடுத்த மாதமே சேகாவும் விலையை 299-க்கு இறக்கியது. நாலு மாதம் முன்னால் ஓடி என்ன கண்டார்கள்? கடைசிக் கணக்கில் உலகம் முழுக்க சாட்டர்ன் சுமார் 92 லட்சம், பிளேஸ்டேஷன் 10 கோடிக்கும் மேல்.

ஒரு நாள் சும்மா இருந்தபோது பழைய காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். சாட்டர்ன் ஜப்பானில் வந்த 1994 நவம்பர் 22 செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவில் வந்த மே 11 வியாழக்கிழமை. பிளேஸ்டேஷன் ஜப்பானில் வந்த டிசம்பர் 3 சனிக்கிழமை, அமெரிக்காவில் வந்த செப்டம்பர் 9-ம் சனிக்கிழமை. சனி என்று பேர் வைத்த மெஷினுக்கு ஒரு சனிக்கிழமை அமையவில்லை, இரண்டையும் சோனி எடுத்துக்கொண்டான். எனக்கு ஜாதகத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது, ஆனாலும் பார்த்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அதே தலைமுறையில் தாமதம் செய்தவன் ஒருவன் இருந்தான், நின்டெண்டோ. அல்ட்ரா 64 என்று பேர் வைத்து 1995-ல் வரும் என்றார்கள், வரவில்லை. பெயரையும் மாற்றி, 1996 ஜூனில் ஜப்பானிலும் செப்டம்பரில் அமெரிக்காவிலும் நின்டெண்டோ 64 என்று விட்டார்கள். கேம் சீடியில் வரும் காலத்தில், மெஷினில் செருகும் பழைய கார்ட்ரிட்ஜைக் கட்டிக்கொண்டு அழுதது பெரிய தப்பு, அதனால் சோனியை எட்டவே முடியவில்லை என்பது வேறு கதை. ஆனால் அவ்வளவு பிந்தி வந்தும் 3 கோடிக்கு மேல் விற்றார்கள். முதலில் ஓடி வந்த சேகாவைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

பிஎஸ் 3-ஐ, அதாவது மூன்றாவது பிளேஸ்டேஷனை வைத்து என்னை மடக்குவீர்கள் என்று தெரியும். நியாயமான கேள்விதான். 2006 வசந்தத்தில் என்று சொன்னார்கள், மார்ச் மாதம் சோனியின் பிளேஸ்டேஷன் பிரிவுத் தலைவர் கென் குத்தராகி வந்து, புளூ ரே டிஸ்க்கின் திருட்டுத் தடுப்பு ஏற்பாடு முடியவில்லை, நவம்பர் என்றார். செப்டம்பரில் மறுபடி வந்து, நீல லேசர் டயோடு போதவில்லை, ஐரோப்பாவுக்கு 2007 மார்ச்தான் என்றார். அதற்குள் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கடைக்கு வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. சோனி அடி வாங்கியது உண்மை. ஆனால் அந்த அடி தாமதத்தால் விழுந்ததைவிட 599 டாலர் என்ற விலையால்தான் விழுந்தது என்பது என் கட்சி. 2009-ல் மெலிந்த மாடலை 299-க்கு விட்டதும் ஜனங்கள் திரும்பி வந்தார்கள், கடைசியில் 8.7 கோடிக்கு மேல் விற்று 360-ஐக் கொஞ்சம் தாண்டியும் விட்டார்கள். அவசரப்பட்டு முந்திய மைக்ரோசாஃப்டோ, பழுதைக் காட்டும் சிவப்பு வளையம் எரிந்து மெஷின் மெஷினாகச் செத்ததில், 2007-ல் வாரண்டியை மூன்று வருஷமாக நீட்டி நூறு கோடி டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டியிருந்தது. அவர்களிடம் விண்டோஸ் காசு இருந்தது, தாங்கினார்கள். சேகாவிடம் அது இல்லை.

தாமதத்தால் எனக்கு வலித்ததே இல்லை என்று பெரிய மனுஷன் வேஷம் போட மாட்டேன். பிஎஸ் 5 உலகத்துக்கு 2020 நவம்பரில் வந்தது, இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இங்கேயும் அதே நவம்பர் 10-ல் வந்துவிட்டது என்பது இன்னும் எரிச்சல். ஜனவரி 12 முன்பதிவு திறந்தபோது அலுவலக மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன், பக்கம் திறப்பதற்குள் தீர்ந்துவிட்டது. ரிச்சி தெருவில் ஒரு கடையில் வெளிநாட்டுப் பெட்டி இருக்கிறது சார் என்று சொல்லிவிட்டு, 49,990 ரூபாய் மெஷினுக்கு அவர் சொன்ன விலையை இங்கே எழுதினால் வீட்டில் படிப்பார்கள். திட்டிக்கொண்டேதான் காத்திருந்தேன். ஆனால் மெஷின் கைக்கு வந்த அன்று விளையாட நல்ல கேம் இருந்தது, கோபம் அந்த வாரமே போய்விட்டது. 1995 மே மாதம் 399 டாலர் கொடுத்தவனிடம் கேட்டால் இப்படிச் சொல்லியிருப்பானா தெரியாது.

சேகா பாடம் கற்கவில்லை என்றும் சொல்ல முடியாது, அதுதான் பரிதாபம். அடுத்த மெஷின் டிரீம்காஸ்ட்டுக்கு அமெரிக்காவில் 9-9-99 என்று தேதி குறித்தார்கள், ஊரெல்லாம் சொன்னார்கள், சொன்ன நாளில் வந்தார்கள், கூட்டம் அள்ளியது. எனக்குத் தெரிந்து அழகான கன்சோல்களில் அதுவும் ஒன்று, உள்ளேயே மோடம் வைத்திருந்தார்கள். ஆனால் சாட்டர்னோடு போன நம்பிக்கை திரும்பவில்லை. இஏ என்ற பெரிய கேம் கம்பெனி தன் கேம்களை அதற்குக் கொடுக்கவே இல்லை, டிவிடியோடு பிஎஸ் 2 வருகிறது என்று ஜனங்களும் காசை முடிந்து வைத்துக்கொண்டார்கள். 2001 ஜனவரி கடைசியில், இனி மெஷின் செய்யப்போவதில்லை என்று அறிவித்தார்கள். அந்த டிசம்பரிலேயே சோனிக் நின்டெண்டோவின் கேம்கியூப் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது.

இவ்வளவையும் அக்கா மகனிடம் ஒரு மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, சேகா சோனிக் கேம் பண்றவங்கதானே? அவங்க மெஷின்லாம் கூடப் பண்ணாங்களா?" என்றான்.