மைசூரில் கற்றால் டிரெயினிங், வேளச்சேரியில் கற்றால் குறுக்குவழியா?

கோடிங் பூட்கேம்பில் (சில மாதங்களில் கோடிங் சொல்லித்தரும் தீவிரப் பயிற்சி) படித்த ஒரு பெண்ணின் ரெஸ்யூமேவை ஒருவர் போட்டோ எடுத்து இணையத்தில் போட்டுக் கிண்டல் செய்திருக்கிறார். அதைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இன்று காலை எங்கள் பூட்கேம்ப் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பிலேயே ஒருவர் ஃபார்வர்டு செய்துவிட்டார், அதுவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற ஸ்மைலியோடு. இதற்கு மேல் எப்படி சும்மா இருப்பது?

பெயரை மறைத்துவிட்டாராம். பெரிய மனசு. வேலையில் இல்லாத ஐந்து வருட கேப்புக்கு ஒரு சிவப்பு வட்டம், "ஃபுல் ஸ்டாக் பூட்கேம்ப், 6 மாதம்" என்ற வரிக்கு இன்னொரு வட்டம், மேலே "ஆறு மாசத்துல இன்ஜினியர்!" என்று ஒரு நக்கல். அந்தப் பெண் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ரெஸ்யூமேவில் இருப்பதில் முக்கால்வாசி என்னுடையதிலும் இருக்கிறது. பி.எஸ்சி. கணிதம், பள்ளி ஆசிரியை வேலை, கல்யாணம், குழந்தை, கேப், பூட்கேம்ப்.

குறுக்குவழி என்கிறீர்களே, எங்கள் ஒரு நாளைப் பார்த்திருக்கிறீர்களா?

பாப்பா எழுந்திருப்பதற்குள் கோடிங் பயிற்சித் தளமான லீட்கோடில் ஒரு கணக்கு. குக்கர் விசில் வருவதற்குள் முடிந்தால் அதிர்ஷ்டம். அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு திருவல்லிக்கேணியில் பறக்கும் ரயில். கழுத்தில் ஐடி கார்டு மாட்டியவர்கள் டைடல் பார்க்குக்காகத் திருவான்மியூரில் கொத்தாக இறங்குவார்கள். அதற்கப்புறம் உட்கார இடம் கிடைக்கும். பூட்கேம்ப் இருக்கும் வேளச்சேரி வரை போகிற எங்களுக்கு அங்கிருந்து தரமணி, பெருங்குடி, அப்புறம் எங்கள் ஸ்டேஷன். அந்தச் சில நிமிடத்தில் முந்தைய நாள் நோட்ஸ்.

ஒன்பதரைக்கு ஸ்டாண்டப் மீட்டிங். நேற்று என்ன முடித்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய், எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறாய். எல்லோர் முன்னாலும் நின்று சொல்ல வேண்டும். பத்து வகுப்புகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான், முதல் வாரம் தொண்டை அடைத்துக்கொண்டது. என்னை நிற்கவைத்துக் கேட்ட மென்டருக்கு என் பழைய மாணவர்களின் வயதுதான் இருக்கும்.

நேற்று முட்டிக்கொண்டு நின்ற இடத்தைச் சொல்கிறேன். ரியாக்டில் எழுதிய வெப் பக்கம் என் லேப்டாப்பில் 3000-வது போர்ட்டில் (வாசல் எண் மாதிரி) ஓடுகிறது, அதற்கு டேட்டா கொடுக்கும் நோட் சர்வர் 5000-ல். சர்வரைச் சோதித்துப் பார்க்கும் போஸ்ட்மேன் என்ற மென்பொருளில் கேட்டால் டேட்டா அழகாக வருகிறது. அதையே குரோமில் கேட்டால் பிழைகளைக் காட்டும் கன்சோல் முழுக்கச் சிவப்பு. ஒரே லேப்டாப், ஒரே புரோகிராம்! மென்டரிடம் போனால் விடையைச் சொல்ல மாட்டார். "நெட்வொர்க் டேபைப் பாருங்க அக்கா" என்று போய்விடுவார். சாப்பாட்டு நேரம் போனது. போர்ட் மாறினாலே பிரவுசருக்கு அது வேறு இடம், அங்கிருந்து வருகிறவருக்கு அனுமதி உண்டு என்று சர்வர் தன் பதிலோடு போகும் ஹெடர் என்ற குறிப்பில் சொல்ல வேண்டும், போஸ்ட்மேன் பிரவுசர் இல்லை என்பதால் அதற்கு இந்தக் கட்டுப்பாடே கிடையாது என்று புரிந்தபோது மணி மூன்று. சேர்த்தது ஒரே ஒரு வரி. அந்த வரியை மட்டும் பார்த்தால் "காப்பி பேஸ்ட்" என்றுதான் சொல்வீர்கள்.

பக்கத்து சீட்டில் ஒரு தம்பி, ராஜபாளையம் பக்கம். பிளஸ் டூவில் அரசு கொடுத்த இலவச லேப்டாப்தான் இன்னும். புரோகிராம் எழுதும் வி.எஸ். கோடும் குரோமும் சேர்ந்து திறந்தால் அப்படியே உறைந்துவிடும். அவன் சர்வரை ஓடவிட்டு எழுந்து போய் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவான். ராத்திரியில் சாப்பாடு டெலிவரி வேலை. இவன் குறுக்குவழியில் வருகிறானாம்.

"ஆறு மாதத்தில் அடிப்படை வராது" என்று ஒரு அண்ணன் நியாயமாகவே கேட்டிருந்தார். ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்கிங் எல்லாம் நான்கு வருடம் படித்தவர்கள் அளவுக்கு எங்களுக்குத் தெரியாது. சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன். மெக்கானிக்கல், சிவில், இ.இ.இ. படித்தவர்களைப் பெரிய ஐ.டி. கம்பெனிகள் வருடா வருடம் எடுக்கின்றனவே, அவர்கள் கல்லூரியில் படித்தது ஜாவாவா? மைசூர் இன்ஃபோசிஸ் கேம்பஸில் சில மாதம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அதற்குப் பெயர் என்ன? எச்.சி.எல். கம்பெனியின் டெக்பீ திட்டத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளையே எடுத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். அதை யாரும் போட்டோ எடுத்து வட்டம் போடவில்லை. கம்பெனி காசில் கற்றால் டிரெயினிங், என் காசில் கற்றால் குறுக்குவழி. இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், ஒருவரும் பதில் சொல்லக் காணோம்.

"பூட்கேம்ப் எல்லாமே ஏமாற்று" என்று இன்னொரு கும்பல். நூறு சதவீதம் பிளேஸ்மென்ட் என்று போர்டு மாட்டுகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் இந்த அலையைத் தொடங்கிவைத்த டெவ் பூட்கேம்பே 2017-ல் மூடப்பட்டது. லாம்ப்டா ஸ்கூல் என்று ஆரம்பித்து ப்ளூம்டெக் என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதை ஊதிப் பெருக்கிச் சொன்னதற்காக 2024-ல் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பிடம் மாட்டியது. ஆனால் அங்கே ஏமாந்தது யார்? கடன் தலையில் விழுந்த மாணவர்கள். இங்கேயும் நீங்கள் சிரிப்பது போர்டு மாட்டியவரைப் பார்த்து இல்லை, ஃபீஸ் கட்டியவளைப் பார்த்து.

"சாட்ஜிபிடி வந்தாச்சு, இனி எதுக்கு கோடிங்" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. உங்கள் பிள்ளைக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வேண்டாம் என்று கவுன்சலிங்கில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

உண்மையில் எனக்கு எரிந்தது கேப்புக்குப் போட்ட அந்த முதல் வட்டம்தான். கொரோனாவில் பள்ளியை மூடினார்கள், பாதிச் சம்பளம் என்றார்கள், பிறகு அதுவும் இல்லை. ஆன்லைன் வகுப்பு மட்டும் எடுக்கச் சொன்னார்கள். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இருபடிச் சமன்பாடு நடத்தியிருக்கிறேன், வீடியோவை அணைத்துவிட்டு. பள்ளி திறந்தபோது என் இடத்தில் வேறொருவர். அப்புறம் மாமனாருக்கு உடம்பு முடியாமல் போனது, வீட்டில் யார் இருப்பது என்ற கேள்வியே எழவில்லை. நான்தான் இருப்பேன் என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும்தான். இதெல்லாம் ரெஸ்யூமேவில் ஒரு வெற்று இடம். அதில் வட்டம் போட உங்களுக்கு ஒரு நொடி.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு வெற்று இடத்தோடு யாரும் இல்லையா சார்? ஆபீஸ் போகும்போது டிபன் பாக்ஸை யார் கையில் கொடுக்கிறார்கள்?

கமென்டில் வந்து "சிஸ்டர், அவர் ஜாலிக்குத்தான் போட்டார், பெர்சனலா எடுத்துக்காதீங்க" என்று சொல்லப் போகிறவர்கள், முதலில் அவரிடம் போய் அந்தப் போட்டோவை எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததும் இங்கே வந்து சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை எங்கள் டீம் டெமோ, லாகின் பக்கம் இன்னும் மொபைலில் கோணிக்கொண்டு நிற்கிறது. பதில் போட நேரமாகும்.