பக்கத்துக் கூடாரத்துலயும் மனுசங்க இருக்கறாங்க

ஏனுங்க, ஏற்காட்டுல வந்து கூடாரம் போடறதே நல்ல காத்து வாங்கத்தானுங்க. அங்கேயும் அடுத்தவங்க அடுப்புப் புகையைத்தான் குடிக்கணுமா?

பார்பிக்யூ போட வேண்டாம்னு சொல்லலீங்க. கரி நல்லாப் பிடிச்சு, மேல வெள்ளையாச் சாம்பல் பூத்த பொறவு கறியை வைக்கணும். அந்த அரை மணி நேரம் பொறுமை கிடையாது. ஈர விறகைச் செருகி மண்ணெண்ணெயை ஊத்தறாங்க. மசாலா எண்ணெய் சொட்டச் சொட்டக் கோழியை அடுக்குனா, கனல்ல விழற கொழுப்பெல்லாம் புகையாத்தானே வரும்? ஈர விறகு எதுக்குங்க, தேங்காத் தொட்டியைச் சுட்டு எடுக்கற தொட்டிக்கரிக்கு நம்ம காங்கயம் பக்கம் பஞ்சமா?

காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்துத் தள்ளி வைக்கவும் தோணலை. பக்கத்துக் கூடாரத்துல கைக்குழந்தை இருமிக்கிட்டே கிடக்குது. கூடாரத் துணி நைலான், ஒரு பொறி பட்டா உருகி ஓட்டை விழுந்துரும்.

பாட்டு வேற. ராத்திரி 10 மணியிலிருந்து காலையில 6 மணி வரைக்கும் வெளியில ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000-லயே விதி வந்தாச்சுங்க. தின்ன எலும்பை அப்படியே வீசிட்டுப் படுத்தா நாய், பன்னியெல்லாம் வராம என்ன பண்ணும்?

எனக்கு வயிறு எரியறது கடைசிக் கூத்துக்குத்தான். குளிருதுன்னு கனலோட அடுப்பைக் கூடாரத்துக்குள்ள இழுத்து வெச்சு ஜிப்பைப் பூட்டறாங்க. கனல்ல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயுவுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்துலயே ஆளை முடிச்சுரும். வெளியில வையுங்க சாமின்னு சொன்னா, "உங்க வேலையைப் பாருங்க"ங்கறாங்க.